வாழைத்தண்டில் ஒரு சொட்டு பினாப்தலின்

வேதியியலை ஊர் மண்ணோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ ஒரு நாள் தோன்றிவிட்டது. தப்பான யோசனை என்று சொல்ல மாட்டேன். ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பல வருடங்களாக வேதியியல் நடத்துகிறவள் நான். நானே எத்தனையோ தடவை அப்படி யோசித்துவிட்டு, கரும்பலகையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஆனால் நான் யோசித்தால் அது வெறும் யோசனை, மேலிடம் யோசித்தால் அது திட்டம். திட்டத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஒரு சின்னமும் வரைந்தார்கள். சின்னத்தில் சோதனைக் குழாய்க்குள்ளிருந்து நெற்கதிர் ஒன்று முளைத்துத் தலை சாய்த்திருந்தது. பண்பாட்டை அடிப்படையாகக் கொண்ட டிஜிட்டல் பாடங்கள் தயாரிக்க ஆசிரியர்களை அனுப்பும்படி சுற்றறிக்கை வந்தது. அந்த வாரம் எங்கள் தலைமையாசிரியையோடு சண்டை போட்டிருந்தது நான் ஒருத்திதான். என்னையே அனுப்பினார்.

கூட்டம் காட்பாடியில் ஒரு பயிற்சி அரங்கில் நடந்தது. என்னைப் போலவே தத்தம் தலைமையாசிரியர்களோடு சண்டை போட்டிருந்த ஆசிரியர்கள் மாவட்டம் முழுவதிலிருந்தும் வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பாடத்தைப் பண்பாட்டோடு இணைப்பது எப்படி என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வது அவர் பிழைப்பு. நிபுணர் என்றே அவரைச் சொல்கிறேன், அவரும் தன்னை அப்படித்தான் அறிமுகம் செய்துகொண்டார். கதர் ஜிப்பா, கையில் டேப்லெட், காலில் பளபளவென்று பழுப்பு ஷூ. எங்கள் பக்கத்து ஆட்கள் யாரைச் சந்தித்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்போம். அது பணிவு இல்லை, தொழில் புத்தி. நல்ல ஆட்டுத்தோல், எங்கள் ஊரிலேயே பதப்படுத்தியதாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

நம் பண்பாட்டில் வேதியியல் எங்கெல்லாம் இருக்கிறது என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்லச் சொன்னார். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் ஆரத்தி. புளி போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு. மாவு புளித்தால் இட்லி. சோளிங்கர் மலைக்குப் படியேறினால் கால் வலிப்பது லாக்டிக் அமிலத்தால் என்று ஒருவர் சொல்ல, பக்தியும் அறிவியலும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டதென்று நிபுணர் கைதட்டினார். என் முறை வந்தது. தோல் என்றேன்.

"அது இன்டஸ்ட்ரி மேடம். நாம தேடறது கல்ச்சர்" என்றார் நிபுணர், சிரித்த முகம் மாறாமல்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்தது. எங்கள் பக்கத்தில் பாதி ஊர் கம்பெனி பஸ் ஹாரனில்தான் கண் விழிக்கிறது. பெண் பார்க்கப் போனால் பையன் எந்தக் கம்பெனி என்பதுதான் முதல் கேள்வி. சனிக்கிழமை சம்பளம் போட்டால்தான் ஞாயிற்றுக்கிழமை கறி. காற்று திசை மாறினால் தோல் பதனிடுகிற எந்த டேனரியில் எந்த வேலை நடக்கிறது என்று எல்.கே.ஜி. பிள்ளை சொல்லும். இதெல்லாம் பண்பாட்டில் சேராது, வருடத்துக்கு ஒரு தடவை தேய்க்கிற குத்துவிளக்குதான் சேருமா என்று கேட்டேன். மண்வாசனை வேண்டும் என்கிறீர்களே, எங்கள் மண்ணுக்கு இந்த வாசனைதான் என்றும் சொன்னேன். என்னை உட்கார வைப்பதற்காகப் பலகையின் மூலையில் தோல் என்று சின்னதாக எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

நான் சொன்ன பாடம் சிக்கலானது ஒன்றும் இல்லை. டேனரிக்கு வரும் பச்சைத்தோலை முதலில் சுண்ணாம்பில் ஊறப்போடுவார்கள். முடி கழன்று வரும், தோல் உப்பும். பிறகு அந்தச் சுண்ணாம்பை வெளியேற்றினால்தான் அடுத்த வேலை. பெரிய டிரம்மில் அம்மோனியம் உப்போடு போட்டுச் சுற்ற விடுவார்கள். சுண்ணாம்பு போய்விட்டதா என்று பார்க்க ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, வெட்டிய இடத்தில் ஒரு சொட்டு பினாப்தலின் விடுவார்கள். நடுவில் ரோஸ் நிறத்தில் கோடு தெரிந்தால் உள்ளே இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். கோடு தெரியாவிட்டால் வேலை முடிந்தது.

இதே பினாப்தலினைத்தான் நாங்கள் ஆய்வகத்தில் கூம்புக் குடுவைக்குள் விட்டுவிட்டு, பியூரெட்டைத் திருகிக்கொண்டு கண் வலிக்கப் பார்த்து நிற்கிறோம். 'நிறம் மறையும் நிலையே முடிவுநிலை' என்று என் பிள்ளைகள் ராகம் போட்டு மனப்பாடம் செய்வார்கள். வேறு ஏதோ கிரகத்தில் நடக்கிற விஷயம் போல இருக்கும் அவர்கள் முகம். தெருக்கோடி டேனரியில் அப்பன் பார்க்கிற அதே நிறம் என்று அவர்களுக்குத் தெரியாது. எழுதிக் கொடுங்கள், பார்ப்போம் என்றார் நிபுணர். எழுதினேன்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆம்பூர் பிரியாணி வாங்கி வர முடியுமா என்று ஒரு வேண்டுகோள் வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் இந்தத் தலைவிதி உண்டு, அண்டா தூக்காமல் எந்த வாசலிலும் நுழைய முடியாது. மட்டன் பிரியாணியும் கத்திரிக்காயுமாக ஆட்டோவில் ஏற்றிப் போனேன். நிபுணர் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இதுதான் மேடம் உண்மையான கல்ச்சர் என்றார், எலும்பை உறிஞ்சிக்கொண்டே. சாப்பாடு முடிந்து, கை கழுவி, உட்கார்ந்ததும் என் பாடம் விவாதத்துக்கு வந்தது. விலங்கின் தோலை மாணவர்களுக்குக் காட்டுவது பலருடைய மனதைப் புண்படுத்தக்கூடும் என்று கவலைப்பட்டார்கள். அந்த ஆட்டுக்கு உள்ளே இருந்ததெல்லாம் பண்பாடாம், மேலே போர்த்தியிருந்தது மட்டும் இன்டஸ்ட்ரியாம். நான் பிரியாணி அண்டாவைப் பார்த்தேன். அதில் பருக்கை இல்லை. கடைசியில், மாதிரிக்கு ஒரு வீடியோ படம் எடுத்துப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். பிரியாணி கொஞ்சம் வேலை செய்திருக்க வேண்டும்.

படத்துக்கு ஒரு குரல் வேண்டும். சென்னை ஸ்டூடியோவில் பேசுகிறவர்கள் பாடத்தை நகைக்கடை விளம்பரம் போலப் பேசுவார்கள். அதனால் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த ஒரு பெண்ணைக் கேட்டேன். நல்ல கணீர்க் குரல், படித்தால் பின்பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். எதற்கும் அழாது, எதையும் தானாகச் சொல்லாது. அப்பா என்ன வேலை என்று கேட்டால் 'லெதர் எக்ஸ்போர்ட் மிஸ்' என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்க்கும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தோலுக்குள்ளும் மேல் கீழ் உண்டு. ஷூ கம்பெனி என்றால் உசத்தி. கழுத்தில் அட்டை தொங்கும், வாசலுக்கு பஸ் வரும். டேனரி அதற்குக் கீழே. டேனரியிலும் பச்சைத்தோல், சுண்ணாம்பு, டிரம் என்று ஈரத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் கீழே. அவர்களைத்தான் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவிடாமல் ஆட்கள் பையை வைப்பார்கள். அதற்குப் பின்னால் இருக்கிற சாதிக் கணக்கை நான் விளக்கத் தேவையில்லை. ஆகையால் எங்கள் பள்ளியில் எல்லா அப்பாக்களும் 'கம்பெனி'யில்தான் வேலை செய்வார்கள். அந்தச் சொல் அகலமான போர்வை, எத்தனை பேரையும் மூடிவிடும்.

இந்தப் பெண்ணின் அப்பா பெற்றோர் கூட்டத்துக்கு வருவார், ஆனால் உள்ளே வர மாட்டார். கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் நிற்பார். பெண் ரேங்க் கார்டை எடுத்துக்கொண்டு ஓடும், அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நான் ஒரு தடவை போய்க் கூப்பிட்டேன். ஷிப்டு முடிந்து நேரே வர்றேன் டீச்சர், இன்னொரு நாள் வர்றேன் என்றார். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

நான் கேட்டது குரலை மட்டும்தான். எழுதியதைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அந்தப் பெண் என் மேஜைக்கு வந்தது.

"மிஸ், இதுல தோல வெட்டற கை யாரோடது?"

ஆய்வக உதவியாளரைக் கேட்கலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

"எங்க அப்பா டிரம் செக்‌ஷன்ல இருக்காரு மிஸ். அவர் கையி வரட்டும். நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இதப் பாத்து எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்."

எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் ஜாஸ்தியாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து மூடி வைத்திருந்த ஒன்றை அந்தப் பெண் தானாகவே திறந்து என் கையில் கொடுத்துவிட்டது. நான் அதைக் கொண்டுபோய் வைக்கப்போகிற இடமோ, சோதனைக் குழாயில் நெல் விளைகிற திட்டம்.

டேனரிக்குள் காமிரா கொண்டுபோக முதலாளி சம்மதிக்கவில்லை. காமிரா என்றாலே அவருக்கு மாசுக் கட்டுப்பாட்டுக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி ஆய்வகத்திலேயே எடுத்தோம். பெண்ணின் அப்பா கேட் பாஸ் வாங்கி, ஓரத்தில் கழித்த ஈரத்தோல் துண்டுகளை பிளாஸ்டிக் கவரில் கட்டி எடுத்துவந்தார். பள்ளியில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் உள்ளே வந்தார். களப்பயணம் என்று நிபுணரும் வந்திருந்தார். முகக்கவசம் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரமாக நின்றார்.

நிபுணருக்குப் பரம்பரை ஞானம் வேண்டும். டேப்லெட்டில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, இந்த வித்தையை உங்கள் முன்னோர்கள் உங்களுக்கு எப்படிக் கடத்தினார்கள் என்று கேட்டார். எங்க அப்பா குடியாத்தத்துல பீடி சுத்தினாரு சார், இந்த மருந்து ஊத்தறது கெமிக்கல் கம்பெனிக்காரர் பாட்டில் விக்க வந்தப்ப காட்டிக் குடுத்தது என்றார் அப்பா. நிபுணர் ரெக்கார்டரை நிறுத்தினார். அழித்தும் விட்டார் என்று நினைக்கிறேன். ஞானம் பாட்டிலில் வந்தால் அது சேர்த்தி இல்லை.

பிறகு கையுறைப் பிரச்சினை வந்தது. பாதுகாப்பு விதிப்படி கையுறை போட வேண்டும் என்று நிபுணர் சொன்னார். அதில் நியாயம் இருந்தது, நானும் எடுத்து வைத்திருந்தேன். அப்பா கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வர்ற அன்னிக்குப் போடுவோம் சார், இன்னிக்கு ஆடிட்டா என்று கேட்டார். பெண் சிரித்துவிட்டது. மருந்து விடும்போது கையுறை போடுவது, வெட்டிக் காட்டும்போது வெறும் கை என்று முடிவு செய்தோம். முகம் வேண்டாம், கை மட்டும் போதும் என்று அப்பாவே சொன்னார்.

அந்தக் கையை நான் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். சுண்ணாம்பு தின்ற விரல்கள், நகத்தைச் சுற்றி வெடிப்பு, உள்ளங்கை கோடெல்லாம் வெளிறிக் கிடந்தது. ஆனால் கத்தி பிடித்தபோது பிசகவில்லை. துண்டை வெட்டினார். சொட்டு விழுந்தது. தோலின் நடுவே மெல்லியதாக ரோஸ் கோடு ஒன்று எழுந்தது. 'இந்தக் கோடு இருக்கற வரைக்கும் டிரம் சுத்தணும்' என்று பெண் மைக்கில் சொன்னது. டிரம்மில் சுற்றி முடித்திருந்த அடுத்த துண்டில் கோடு வரவில்லை. 'இப்ப நிறுத்தலாம்' என்றது. நான் இத்தனை வருடத்தில் நடத்திய எந்த டைட்ரேஷனும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அம்மோனியா என்று சொல்லிச் சமாளித்தேன்.

படத்தைத் திட்டக் குழுவுக்கு அனுப்பினேன். திருத்தங்கள் தவணை முறையில் வந்தன. முதலில் குரல். வட்டார வாடை அடிக்கிறதாம், பொதுத்தமிழில் மாற்ற வேண்டுமாம். ஊர் சார்ந்த பாடத்தில் ஊர்ப்பேச்சு இருக்கக் கூடாதா என்று எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. அடுத்தது ஆறு. பாடம் பாலாற்றில் தொடங்கினால் மண்ணோடு ஒட்டும் என்றார்கள். பாலாற்றில் மண் மட்டும்தான் இருக்கிறது, ஒட்டுவதற்குத் தண்ணீர் இல்லை என்று எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. அப்புறம் தோல். தோலுக்குப் பதிலாக யார் மனமும் புண்படாத வாழைத்தண்டை வைக்கலாம் என்று யோசனை வந்தது. வாழைத்தண்டைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டேன். கடைசியாகக் கை. கை பார்வைக்கு உகந்ததாக இல்லை, மாணவர்களுக்கு நேர்மறை எண்ணம் ஏற்படும்படியான கை வேண்டும் என்று வந்தது. ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனிதனையே கடித்த கதை என்பார்கள். எங்கள் குழு பிரியாணியில் ஆட்டைக் கடித்தது, படத்தில் தோலைக் கடித்தது, கடைசியில் கையைக் கடித்தது.

நிபுணருக்கு போன் போட்டேன். வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், அந்தக் கையை வெட்டாதீர்கள் என்று சொன்னேன். அது ஒரு பெண் தன் வகுப்புக்கு முன்னால் முதல் தடவையாகச் சொல்லப்போகிற விஷயம் என்று விளக்கினேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அது வராத கலை. உங்க பாயின்ட் எடுத்துக்கிட்டோம் மேடம், பரிசீலனையில இருக்கு என்றார். எடுத்துக்கொண்ட பாயின்ட்டை எங்கே வைத்தார்கள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பெண்ணிடம் மறைக்கவில்லை. மாற்றச் சொல்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறேன், என்ன வரும் என்று தெரியாது என்றேன். "வரும் மிஸ்" என்றது.

தொடக்க விழா எங்கள் பள்ளியில்தான். புது ஸ்மார்ட் போர்டு இருந்ததால் எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெற்றோரும் அழைக்கப்பட்டார்கள். அப்பா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, சீவிய தலை. கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இறுதிப் படம் எனக்குக்கூட அனுப்பப்படவில்லை, நிபுணர் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார்.

அதிகாரி ஒருவர் விளக்கேற்றினார். படம் ஓடியது. எடுத்த எடுப்பில் பாலாறு இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. அதில் படகு வேறு. அரங்கில் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அதிகாரிக்கு அது மகிழ்ச்சி போலத் தெரிந்திருக்க வேண்டும், அவரும் சிரித்தார். பிறகு நகைக்கடைக் குரல் பேசத் தொடங்கியது. பிறகு வாழைத்தண்டு. பிறகு ஒரு கை. மாவு போல வெள்ளை, நகத்துக்குப் பாலிஷ் போட்டதோ என்று சந்தேகப்படும்படி அவ்வளவு வழவழப்பு. வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி தண்டை நறுக்கியது. சொட்டு விழுந்தது. 'நடுவில் தோன்றும் கோட்டைக் கவனியுங்கள்' என்றது குரல். சுண்ணாம்பில் முக்கியெடுத்த வாழைத்தண்டில் ஓரம்தான் ரோஸ் ஆகும், ஆகியிருந்தது. நடு வெள்ளையாக இருந்தது. பிள்ளைகள் இல்லாத கோட்டைக் கவனித்தார்கள். படம் முடிந்தபோது நான் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பவில்லை, எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் நிகழ்ச்சி நிரல் பழைய படத்தை வைத்து அச்சடிக்கப்பட்டிருந்தது. அதை யாரும் மாற்றவில்லை. அடுத்ததாக, இந்தப் பாடத்துக்குக் குரல் கொடுத்த மாணவிக்கு அதிகாரி நினைவுப் பரிசு வழங்குவார் என்று அறிவித்தார்கள். அந்தப் பெண் மேடைக்குப் போய்க் கேடயத்தை வாங்கியது. அனுபவத்தை இரண்டு வார்த்தை சொல்லும்மா என்று அதிகாரி மைக்கை நீட்டினார்.

"இதுல பேசினது நான் இல்லைங்க ஐயா. நான் பேசினத எடுத்துட்டாங்க." கணீரென்ற குரல், கடைசி வரிசை வரை போனது. "வாழத்தண்டு இல்ல, தோலு. வெட்டினது எங்க அப்பா. டேனரில டிரம் செக்‌ஷன்ல இருக்காரு. அதோ, கடைசி வரிசைல உக்காந்துக்கிறாரு. அவர் கையையும் எடுத்துட்டாங்க."

தலைகளெல்லாம் பின்னால் திரும்பின. கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். மாணவிகள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. எங்க அப்பாவும் டேனரிதான் மிஸ் என்று எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் என்னிடம் சொன்னது, நான் கேட்காமலே. அதிகாரி பலமாகக் கைதட்டினார். எல்லாம் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார். நிபுணர் டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மாணவர் பங்கேற்பு என்ற தலைப்பில் அது எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கும்.

விழா முடிந்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அப்பா டீக் கோப்பையோடு மெதுவாக நானும் நிபுணரும் நின்ற இடத்துக்கு வந்தார். பெண் கேடயத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் நிபுணரைப் பார்த்து, பணிவாகக் கேட்டார்.

"சார், கேமரால எடுத்தா என் கையி இவ்ளோ வெள்ளையாவா வரும்?"

நிபுணர் டீக் கோப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அந்த மேடைப் பேச்சைக் கேட்ட பிறகும் அவர் தயங்கியது ஒரு நிமிடம்கூட இருக்காது.

"அது கலர் கரெக்‌ஷன்" என்றார்.

பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. எதற்கும் அழாத பெண். "அது உன் கை இல்லப்பா" என்றது.

"தெரியும்மா" என்றார் அப்பா. "சாரு இன்னா சொல்றாருன்னு பாத்தேன்."

தன் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, பெண்ணின் கையிலிருந்து கேடயத்தை வாங்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். இருவரும் அரங்கின் நடுவழியாக, எல்லாரும் பார்க்க நடந்து போனார்கள். வழியில் ஒரு ஷூ கம்பெனி சூப்பர்வைசர் காலை மடக்கி இடம் விட்டார். நிபுணர் குனிந்து தன் ஷூவில் சிந்தியிருந்த டீயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.